மூன்றாந்தரப்பு, மூன்றாந்தரம் அல்ல

"அது ஒஃபிஷல் இல்லையே."

டஞ்சன்ஸ் அண்ட் ட்ரகன்ஸ் விளையாடுகிற ஆக்களோடு கொஞ்ச நேரம் கதைத்தால் இந்த வசனம் எப்படியும் காதில் விழும். ஒருவர் புதிதாக ஒரு துணைநூலை வாங்கிக்கொண்டு ஆசையோடு மேசைக்கு வருவார். உள்ளே புதிய பூதங்கள், ஒரு துறைமுக நகரம், ஆறு மாதம் விளையாடக்கூடிய சாகசம் எல்லாம் இருக்கும். எதிரில் இருப்பவர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். கொம்பனியின் பெயர் இல்லையா? சரி, மூடி வை. கதை முடிஞ்சுது.

இந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்திருப்பீர்கள். அதில் பெடியள் நிலக்கீழ் அறையில் சுற்றியிருந்து பகடை உருட்டி விளையாடினது இதுதான். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் எழுதி, 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். விதிகளுக்கு மூன்று அடிப்படைப் புத்தகங்கள் உண்டு. அதற்கு மேல் வருகிற சாகசங்கள், மிருகத் தொகுப்புகள், நகரங்கள், உலகங்கள் எல்லாம் துணைநூல்கள். விதிகளின் சொந்தக்காரக் கொம்பனி வெளியிட்டால் அது 'ஒஃபிஷல்'. இப்போது அந்தக் கொம்பனி விசார்ட்ஸ் ஒப் த கோஸ்ட். அதன் முதலாளி ஹாஸ்ப்ரோ. வேறு ஆராவது வெளியிட்டால் அது 'மூன்றாந்தரப்பு'. கனபேர் அதை 'மூன்றாந்தரம்' என்றே வாசிக்கிறார்கள். பிரச்சினை முழுக்க அந்த வாசிப்பில்தான் இருக்கிறது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். முத்திரை ஆர் சொந்தக்காரன் என்று சொல்லும். புத்தகம் நல்லதா கூடாதா என்று அதுக்குத் தெரியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் கொம்பனிக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டப்படுவது எழுதுகிறவர், விற்கிற சின்னக் கடைக்காரர், பிறகு விளையாடுகிற நாங்கள்.

வெளியாட்கள் போட்ட பாதை

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். இந்த விளையாட்டுக்குத் தனிப் புத்தகமாக வந்த முதல் சாகசத்தை எழுதியது ஆர்? அப்போதைய சொந்தக்காரக் கொம்பனியான டிஎஸ்ஆர் இல்லை. 1976 இல் வீ வொரியர்ஸ் என்ற மிகச் சின்னப் பதிப்பகம் 'பலஸ் ஒப் த வம்பயர் குயீன்' என்ற சாகசத்தை வெளியிட்டது. அதே வருடம் இலினோய் மாநிலத்தின் டெகேட்டர் ஊரில் ஜட்ஜஸ் கில்ட் தொடங்கியது. அவர்கள் ஒரு முழு நகரத்தையே தெருத் தெருவாக, கடை கடையாக எழுதி விற்றார்கள். ஆரோ எழுதி வைத்த சாகசத்தைக் காசு குடுத்து வாங்க ஆள் இருக்காது என்பதுதான் டிஎஸ்ஆரின் அன்றைய நினைப்பு. சனம் வாங்கினது. டிஎஸ்ஆர் தன்னுடைய தனிச் சாகச நூல்களை வெளியிடத் தொடங்கியது 1978 இல். அதாவது, இன்றைக்கு 'ஒஃபிஷல் சாகசம்' என்று தூக்கிப் பிடிக்கிற வடிவத்துக்கே சந்தை இருக்கிறது என்று காட்டிக் குடுத்தவர்கள் வெளியாட்கள்.

2000 ஆம் ஆண்டிலும் இதே கதை. அந்த வருடம் மூன்றாம் பதிப்பு வந்தது. டிஎஸ்ஆரை 1997 இல் வாங்கியிருந்த விசார்ட்ஸ், விதிகளின் எலும்புக்கூட்டை ஒரு திறந்த உரிமத்தின் கீழ் வெளியே விட்டது. ஓபன் கேமிங் லைசன்ஸ், சுருக்கமாக ஓஜிஎல். அடிப்படை விதிநூல் விற்பனைக்கு வந்த அதே நாட்களில் கிரீன் ரோனின் பதிப்பகத்தின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்' சாகசமும் வந்துவிட்டது. இன்னொரு வெளிப் பதிப்பகத்தின் மிருகத் தொகுப்பான 'கிரியேச்சர் கலெக்‌ஷன்' ஒஃபிஷல் 'மொன்ஸ்டர் மனுவல்' வருவதற்கு முன்னமே கடைத் தட்டில் இருந்தது. கொம்பனியின் சொந்த மிருகங்கள் அச்சகத்தில் நிற்கும்போது ஊர்ச் சனம் வெளியாட்களின் மிருகங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அதே கை, வேறு சட்டை

"சரி, அது பழைய கதை. இப்ப ஒஃபிஷல் புத்தகங்களின்ர தரம் வேற" என்பார்கள்.

ஐந்தாம் பதிப்பு 2014 இல் வந்தது. அதன் முதலாவது பெரிய சாகச நூல் 'ஹோர்ட் ஒப் த ட்ரகன் குயீன்'. அட்டையில் கொம்பனியின் முத்திரை பளபளக்கும். எழுதியது கோபோல்ட் பிரஸ், ஒரு மூன்றாந்தரப்புப் பதிப்பகம். அடுத்த வருடம் வந்த 'பிரின்ஸஸ் ஒப் த அபொக்கலிப்ஸ்' நூலுக்கு சாஸ்குவாச் கேம் ஸ்டூடியோ கை குடுத்தது. 'அவுட் ஒப் த அபிஸ்' நூலுக்குக் கிரீன் ரோனின், அதே ஃப்ரீபோர்ட் ஆக்கள்.

இப்ப சொல்லுங்கோ. கோபோல்ட் பிரஸ் விசார்ட்ஸுக்காக எழுதினால் ஒஃபிஷல், மேசையில் வைக்கலாம். அதே கோபோல்ட் பிரஸ் 2016 இல் தன் சொந்தப் பெயரில் 'டோம் ஒப் பீஸ்ட்ஸ்' என்ற மிருகத் தொகுப்பைப் போட்டால் "அது ஒஃபிஷல் இல்லையே". மாறியது எழுத்தாளரின் திறமையா? மாறியது பில்லில் இருக்கிற பெயர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கொம்பனி கைவிட்டதை ஆர் காப்பாற்றினது? 2008 இல் நாலாம் பதிப்பு வந்தபோது ஓஜிஎல் ஓரங்கட்டப்பட்டு, இறுக்கமான ஒரு புது உரிமம் நீட்டப்பட்டது. ஒரு நூல் வரிசையை அதற்கு மாற்றினால் பிறகு பழைய உரிமத்தில் அந்த வரிசையை வெளியிட ஏலாது என்று முதலில் அதில் ஒரு பொறி இருந்தது. 2007 வரை கொம்பனியின் இரண்டு சஞ்சிகைகளை உரிமம் பெற்று நடத்திவந்த பைசோ என்ற பதிப்பகம் அந்தப் பொறிக்குள் போகவில்லை. பழைய விதிகளையே திருத்தி 2009 ஓகஸ்டில் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. கொஞ்ச வருடத்துக்குள் அமெரிக்கப் பொழுதுபோக்குக் கடைகளின் விற்பனைப் பட்டியல்களில் பாத்ஃபைண்டர் மேலே, ஒஃபிஷல் விளையாட்டு கீழே. சனம் எதை வேண்டி விளையாடுகிறது என்பதைக் கடைத் தட்டுகள் சொல்லின.

"ஆனால் குப்பையும் வந்ததுதானே?"

வந்தது. மறைக்கத் தேவையில்லை. 2001, 2002 இல் டி20 என்ற இலச்சினையோடு அமெரிக்கக் கடைகளுக்கு வந்து குவிந்த புத்தகங்களில் கனக்க சரியான மோசம். எழுத்துத் திருத்தம் கிடையாது, விதிகளை விளையாடிப் பார்த்ததே கிடையாது, அட்டையில் மட்டும் ஒரு வாள். ஒரே மாதிரிப் பத்துப் புத்தகங்கள்.

ஆனால் குப்பைக்குக் காரணம் 'வெளியாட்கள்' என்று சொல்லும்போதுதான் எங்களுக்குக் கோபம் வருது. குப்பை வெள்ளத்துக்கு முத்திரை தடுப்பணை என்றால் 1990களில் டிஎஸ்ஆர் எப்படி மூழ்கியது? அப்போது ஓஜிஎல் இல்லை. வெளிப் பதிப்பகங்கள் மேல் வழக்குப் போடுவதில் டிஎஸ்ஆர் பெயர் பெற்றிருந்தது. மேஃபெயர் கேம்ஸ் 'ரோல் எய்ட்ஸ்' என்று ஒரு துணைநூல் வரிசை நடத்தியது. அதன் மேல் வழக்குப் போட்டு, 1993 இல் தீர்ப்பு வந்த பிறகு, அந்த வரிசையையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. முழுக்க ஒஃபிஷலான உலகம். அந்த உலகத்தில் ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ், டார்க் சன், பிளேன்ஸ்கேப், ரேவன்லொஃப்ட், பேர்த்ரைட் என்று ஒரே கொம்பனி உலகத்துக்கு மேல் உலகமாக அச்சடித்துத் தன் வாசகரையே துண்டு துண்டாகப் பிரித்தது. புத்தகக் கடைகளுக்கு விநியோகித்த ரண்டம் ஹவுஸ் விற்காத புத்தகங்களைப் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்பியது. 1997 இல் கடனில் தத்தளித்த கொம்பனி கைமாறியது. அந்த வெள்ளம் முழுக்க முத்திரை குத்தின வெள்ளம்.

டி20 வெள்ளத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. திறந்த உரிமம் சும்மா வந்த தானம் இல்லை. டி20 இலச்சினையைப் போட வேண்டுமென்றால் உங்கள் புத்தகத்தில் பாத்திரத்தை உருவாக்கும் விதிகள் இருக்கக்கூடாது. அடிப்படை விதிநூல் வேண்டும் என்றும் அட்டையில் போட வேண்டும். விளங்குதா? வெளியில் எத்தனை பேர் எழுதினாலும், எத்தனை பேர் நட்டப்பட்டாலும், ஒவ்வொரு புத்தகமும் கொம்பனியின் அடிப்படை நூலுக்கு ஓர் இலவச விளம்பரம். நெட்டுருப் போடாமலே விளங்கக்கூடிய வியாபாரக் கணக்கு இது. அந்த உரிமத்தின் பின்னால் இருந்தவர்களே இதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கணக்கால் லாபம் கண்டுவிட்டு, பிறகு "வெளியாள் குப்பை" என்று கதைப்பதுதான் பிழை.

கடைக்காரர் தலையில்

இந்தக் கதையில் ஒருவரும் கதைக்காத ஆள் கடைக்காரர்.

சாதாரணப் புத்தகக் கடையில் விற்காத புத்தகத்தைத் திருப்பி அனுப்பலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற பொழுதுபோக்கு விளையாட்டுக் கடைகளுக்கு வழமையாக அந்த வசதி இல்லை. விநியோகஸ்தரிடம் அட்டை விலையில் பாதிக்குக் கிட்டக் குடுத்து வாங்கினால் அது உங்கட தலையில். விற்றால் லாபம், விற்காவிட்டால் தூசி. அந்தக் கொஞ்ச லாபத்துக்குள் வாடகை, மின்சாரம், சம்பளம். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெடியளுக்கு விளையாட மேசையும் கதிரையும் பெரும்பாலும் இலவசம். எத்தனையோ கடைகள் மஜிக் அட்டைகளை விற்றுத்தான் வாடகை கட்டுகின்றன. பாத்திர விளையாட்டுப் புத்தகங்கள் ஒரு மூலைத் தட்டு.

2003 யூலையில் விசார்ட்ஸ் மூன்று அடிப்படை நூல்களையும் திருத்தி '3.5' என்று வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பழைய விதிகளுக்கு எழுதிய புத்தகம் முற்றாக உதவாது என்றில்லை, கொஞ்சம் தட்டிக்கொட்டினால் விளையாடலாம். ஆனால் வாங்குகிறவர் அப்படி யோசிக்கமாட்டார். "இது 3.5 ஆ?" என்று கேட்பார், இல்லையென்றால் வைத்துவிட்டுப் போவார். ஒரே மாதத்தில் கடைக்காரர் காசு குடுத்து வாங்கி வைத்திருந்த தட்டுகள் பழையதாகிப்போயின. அரை விலைக்கும் கால் விலைக்கும் பெட்டியில் போட்டு விற்றார்கள். சின்னப் பதிப்பகங்கள் வரிசையாக மூடின. அதிலிருந்து பல கடைக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம்: மூன்றாந்தரப்புப் புத்தகம் வாங்கி வைக்காதே. முடிவு எடுத்தது கொம்பனி, பழி விழுந்தது வெளியாட்கள் மேல்.

"அப்ப கடைக்காரர் ஒஃபிஷல் புத்தகம் மட்டும் விற்றால் தப்பலாமே?" இதுதான் பெரிய மாயை. ஒஃபிஷல் அடிப்படை நூலை அமேசன் அட்டை விலையிலிருந்து நன்றாகக் குறைத்துக் குடுக்கிறது. சில நேரம் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் வாங்குகிற விலைக்குக் கிட்ட. அந்தப் போட்டியில் மூலைக்கடை எந்தக் காலத்திலும் வெல்லாது. கடைக்காரரால் வெல்லக்கூடிய இடம் வேறு: "தம்பி, நீங்கள் கடல் கதை விளையாடுறீங்கள் என்றால் இதைப் பாருங்கோ" என்று ஒரு சின்னப் பதிப்பகத்தின் புத்தகத்தை எடுத்து நீட்டுகிற இடம். அமேசனின் பரிந்துரை நீங்கள் முன்பு வாங்கினதை வைத்துக் கணக்குப் போடும். கடைக்காரர் உங்கட மேசையை எட்டிப் பார்த்திருக்கிறார். "ஒஃபிஷல் மட்டும்" என்று சொல்கிற ஒவ்வொரு விளையாட்டுக்காரரும் கடைக்காரர் கையிலிருந்து அவருடைய ஒரேயொரு ஆயுதத்தைப் பிடுங்குகிறார். பிறகு கடை மூடினதும் "அருமையான இடம்" என்று முகநூலில் அழுவார்.

முத்திரை மட்டும் விற்கும் கடை எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமா? கேம்ஸ் வேர்க்ஷொப்பைப் பாருங்கள். 1970களில் டஞ்சன்ஸ் அண்ட் ட்ரகன்ஸை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்து வளர்ந்த கொம்பனி அது. 1978 இல் லண்டன் ஹமர்ஸ்மித்தில் முதல் கடையைத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே பல கொம்பனிகளின் விளையாட்டுகள் கிடைத்தன. பிறகு தங்கள் சொந்தப் பொருட்களை மட்டும் விற்கத் தொடங்கினார்கள். வியாபாரமாகப் பார்த்தால் பெரு வெற்றி. ஆனால் அந்தக் கதவுக்குள் போகிற பெடியனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கொம்பனிதான் இருக்கிறது. வெளிநாட்டு விளையாட்டை வாங்கி வைத்து ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்த கடை, அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதவைப் பூட்டிவிட்டது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 'பிட்ஸ் அண்ட் மோர்ட்டர்' என்ற முயற்சியில் சேர்ந்த பதிப்பகங்களின் அச்சுப் புத்தகத்தைக் கடையில் வாங்கினால் பிடிஎஃப் இலவசம். பிடிஎஃப் கடையைக் கொல்லும் என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கும்போது சின்னப் பதிப்பகங்களும் சின்னக் கடைகளும் சேர்ந்து கண்ட தீர்வு இது.

2023: முகமூடி கழன்ற மாதம்

2023 ஜனவரி 5 ஆம் திகதி விசார்ட்ஸ் தயாரித்து வைத்திருந்த புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. அதில் இருந்தவை: பழைய ஓஜிஎல் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல. வருடத்துக்கு 750,000 டொலருக்கு மேல் வருமானம் வந்தால் அதற்கு மேல்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை கொம்பனிக்கு. லாபத்தில் இல்லை, வருமானத்தில். அச்சகத்துக்கும் ஓவியருக்கும் தபாலுக்கும் குடுத்த பிறகு மிஞ்சுவது அதைவிடக் குறைவாக இருக்கும் ஒரு தொழிலில் இது பங்கு கேட்பது இல்லை, கழுத்தைப் பிடிப்பது. மேலும், நீங்கள் எழுதியதைக் கொம்பனி காசு தராமலே, காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாக அந்த உரிமத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். கடைகளில் அந்த உரிமத்தில் அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. ஒரு வசனத்தால் எல்லாவற்றையும் செல்லாக்காசு ஆக்கலாம் என்று கொம்பனி நினைத்தது.

சனம் எழும்பினது. கனபேர் கொம்பனியின் இணையச் சந்தாவை வெட்டினார்கள். பைசோ ஏனைய பதிப்பகங்களோடு சேர்ந்து ஆருமே திரும்பப் பறிக்க ஏலாத ஒரு புது உரிமத்தை அறிவித்தது. பாத்ஃபைண்டர் அடிப்படை நூல் எட்டு மாதத்துக்கு வைத்திருந்த இருப்பு இரண்டு கிழமையில் தீர்ந்தது என்று பைசோ சொன்னது. விசார்ட்ஸ் திருத்திய வரைவொன்றைப் போட்டுக் கருத்துக் கேட்டது. 15,000 க்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அந்த உரிமத்தின் கீழ் வெளியிட விரும்பவில்லை என்றோர் 88 சதவீதம். ஜனவரி 27 இல் கொம்பனி பின்வாங்கியது. பழைய ஓஜிஎல் அப்படியே இருக்கும் என்றது. அதற்கும் மேலாக, 400 பக்கமளவிலான அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதைக் கொம்பனியே நினைத்தாலும் திருப்பி வாங்க ஏலாது.

மூன்று கிழமையளவில் கிடைத்த வெற்றி. ஆனால் அதிலிருந்து என்ன கற்றோம்? அந்த மாதம் முழுக்க "மூன்றாந்தரப்பு எழுத்தாளர்களோடு நிற்கிறோம்" என்று பதிவு போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் ஒரு மூன்றாந்தரப்புப் புத்தகம் வாங்கினார்கள்? மேசையில் அதே பழைய வசனம்: "அது ஒஃபிஷல் இல்லையே." உரிமைக்குக் குரல் குடுப்பது சுகம். தட்டில் கை வைப்பதுதான் பஞ்சி.

அரைகுறை முத்திரை ஒன்றும் இருக்கு, அதைப் பற்றியும் எச்சரிக்கிறோம். டிஎம்ஸ் கில்ட் என்ற இணையச் சந்தையில் கொம்பனியின் உலகங்களையும் பெயர்களையும் வைத்து எழுதலாம். எழுதுகிறவருக்கு 50 சதவீதம், மீதி கொம்பனிக்கும் சந்தை நடத்துபவருக்கும். அங்கே போட்ட நூலை வேறு எங்கும் விற்க ஏலாது. அதே ஆக்கள் நடத்தும் ட்ரைவ்த்ருஆர்பிஜியில் உங்கட சொந்த உலகத்தை வைத்து எழுதினால் வழமையாக 65 முதல் 70 சதவீதம் உங்களுக்கு. 'ஒஃபிஷலுக்குக் கிட்ட' நிற்பதற்கு எவ்வளவு வாடகை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இதில் என்ன?

இவ்வளவும் அமெரிக்காக் கதை, எங்கட பக்கத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயம்.

1980 இல் வந்த 'டெயிட்டீஸ் அண்ட் டெமிகோட்ஸ்' என்ற ஒஃபிஷல் நூலில் இந்தியத் தெய்வங்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இந்திரன், அக்கினி, காளி எல்லாருக்கும் உயிர்ப்புள்ளி எத்தனை, கவசம் எத்தனை என்று எண் போட்டிருக்கும். கோயிலில் தேர் இழுக்கிற சனத்தின் தெய்வம் அங்கே வாளால் வெட்டக்கூடிய ஒரு புள்ளிவிபரம். 1985 இல் 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' வந்தது. ஆசியா முழுவதும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டின கூழ். இன்றைக்கு விசார்ட்ஸ் தன் பழைய நூல்களை இணையத்தில் விற்கும்போது, இதில் அக்காலத்துப் பாரபட்சங்கள் இருக்கலாம் என்று முன்குறிப்புப் போடுகிறது. இரண்டும் நூறு வீதம் ஒஃபிஷல்.

மற்றப் பக்கம் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தொன்மங்களை வைத்து 'தி ஐலண்ட்ஸ் ஒப் சீனா ஊனா' வந்தது. மலேசியாவிலிருந்து செடெக் சியூவும் முன் காவ் என்ற ஓவியரும் 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்று சின்னச் சின்னப் பிரசுரங்களாகத் தென்கிழக்காசிய உலகமொன்றைக் கட்டினார்கள். முதலையும் ஆறும் காடும் அங்கே அலங்காரமாக வரவில்லை, அந்த மண்ணில் வாழ்ந்தவர் எழுதினது என்று வாசிக்கும்போதே தெரியும். இரண்டிலும் கொம்பனி முத்திரை கிடையாது. எங்களைப் போன்ற சனத்தின் கதை இந்த விளையாட்டுக்குள் மரியாதையோடு வந்த வழி பெரும்பாலும் பின்கதவு வழிதான். அந்தக் கதவைத்தான் "ஒஃபிஷல் இல்லை" என்று சாத்துகிறோம்.

2023 இல் திறந்த அந்த விதித்தொகுப்பு எங்கட மொழிக்கும் பொருந்தும். விசார்ட்ஸ் அதைப் பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் தானே வெளியிட்டது. தமிழில் போடமாட்டான், காத்திருக்கவும் தேவையில்லை. உரிமம் கேட்கும் ஒரே நிபந்தனை மூலத்துக்கு உரிய முறையில் நன்றி குறிப்பிடுவது. மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். ஆரிடமும் கடிதம் எழுதிக் கைகட்டி நிற்க வேண்டாம். 2025 இல் புதிய பதிப்பின் தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. கொம்பனியின் உலகங்களும் அவர்களுக்கே சொந்தமான சில மிருகங்களும் அதில் இல்லை. நல்லது. அவர்களின் உலகம் எங்களுக்கு ஏன்? முனியும் எறிமாடனும் கொள்ளிவாய்ப் பேயும் ஆருடைய பதிப்புரிமையிலும் இல்லை. அம்மம்மாவிடம் கேட்டால் துணைநூல் ஒன்றுக்குப் போதுமானது ஒரு பின்னேரத்தில் வரும்.

ஆகவே, செய்யக்கூடிய மூன்று விசயம்.

ஒன்று: ஒரு துணைநூலைப் பற்றி முடிவெடுக்கமுன் பத்துப் பக்கம் வாசியுங்கள். விதிகள் வேலை செய்யுதா, ஆர் எழுதினது, விளையாடிப் பார்த்து எழுதினதா என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாகத் தூக்கி எறியுங்கள். முத்திரையை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.

இரண்டு: வெளிநாட்டில் இருக்கிற உறவுகள், நண்பர்கள் ஆரும் இந்த விளையாட்டு விளையாடினால், அடுத்த புத்தகத்தை அமேசனில் வாங்காமல் பக்கத்துக் கடையில் வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் சின்னப் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால்தான் தட்டில் ஒன்று வரும். இங்கே பிடிஎஃப்பை நம்பி இருக்கிற நாங்கள் அதையும் எழுத்தாளருக்குக் காசு போகிற இடத்தில் வாங்குவோம். களவெடுத்த பிடிஎஃப்பில் மூன்றாந்தரப்புக்கு ஆதரவு என்று கதைப்பது சரியான பகிடி.

மூன்று: எழுதுங்கள். முப்பது பக்கம் போதும். ஒரு ஊர், ஒரு கிணறு, ஒரு பேய். தமிழில் எழுதுங்கள். முதலாவது கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும், இரண்டாவது பரவாயில்லை. எங்கட தளத்துக்கு அனுப்பினால் நாங்கள் மதிப்புரை எழுதுவோம். குறை இருந்தால் குறையையும் எழுதுவோம்.

"அது ஒஃபிஷலா?" என்று மட்டும் கேட்கமாட்டோம்.